நாலு பேர் என்று சொல்லி ஒன்பது பேர் வந்தால்: நாள் வாடகை வீட்டில் படுக்கையும் ஆள் கணக்கும்

திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தெருவில், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை நாள் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை, உள்ளே இரண்டு பாத்ரூம், வெளியே ஒன்று. மாடியில் நாங்கள். என்னைப் பார்த்துவிட்டு இதே தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் ஆரம்பித்தார்கள். மூவரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

"சொன்னதைவிட ஆள் அதிகமா வந்துட்டாங்க" என்று ஒரு சண்டை. "பெட்ஷீட்டை நாசம் பண்ணிட்டாங்க" என்று இன்னொரு சண்டை. பார்க்கப்போனால் இரண்டும் ஒன்றுதான். நாலு பேருக்குப் போட்ட படுக்கையில் ஒன்பது பேர் வந்து படுத்தால், மிச்சம் ஐந்து பேர் கைக்குக் கிடைத்ததை எடுத்து விரிக்கத்தான் செய்வார்கள். என் வீட்டில் ஒருமுறை ஜன்னல் திரையைக் கழற்றி விரித்திருந்தார்கள். மறுநாள் காலையில் அதை அழகாக மடித்தும் வைத்திருந்தார்கள், பாவம்.

அதனால் ஆள் கணக்கையும் படுக்கையையும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்றும் கெஸ்ட் வருவதற்குப் பல நாள் முன்னால் முடிய வேண்டியவை.

1. எத்தனை பேர் என்று தண்ணீர்த் தொட்டியைக் கேளுங்கள்

எல்லோரும் கட்டிலை எண்ணி ஆள் கணக்கு சொல்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கட்டில் நிறைந்தால் தரையில் படுக்கலாம், தொட்டி காலியானால் ஒன்றும் செய்ய முடியாது.

நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 1000 லிட்டர் தொட்டி ஏழு பேருக்குத் தாங்கும். ஆனால் பௌர்ணமி சாதாரண நாள் இல்லை. கிளம்பும் முன் ஒரு குளியல், 14 கிலோமீட்டர் சுற்றி வந்ததும் ஒரு குளியல். அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில்.

என் முதல் பௌர்ணமிக்கு நாலு பேர் என்று சொல்லிப் பதின்மூன்று பேர் வந்தார்கள். விடியற்காலை மூன்றே முக்கால் மணிக்குத் தொட்டி வறண்டது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தலையில் சீயக்காயோடு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். நானும் என் மனைவியும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தோம்.

இப்போது தொட்டி 1500 லிட்டர். கணக்குப்படி பதினொரு பேருக்கு வரும், ஆனால் இரட்டைக் குளியலை நினைத்து எட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். கட்டிலில் நாலு, தரையில் நாலு. இந்த எட்டு 'படுப்பவர்' கணக்கு. 'வந்து போகிறவர்' கணக்கு தனி, அதற்கு நாலு. உங்கள் வீட்டுக்கும் இப்படி இரண்டு எண்களை முதலிலேயே முடிவுசெய்து எழுதிவையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், வாசலில் யாராவது வந்து நிற்கும்போது என்ன சொல்வது என்று உங்களுக்கே தெரியாது.

2. படுக்கைச் சாமான் வாங்குவது

கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும். ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று பீரோவில். இரண்டு போதும் என்று நினைப்பவர்கள் கார்த்திகை மாதத்தில் மாட்டிக்கொள்வார்கள். தீபத்துக்குத்தான் ஊரே நிரம்பும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கொடியில் போட்ட விரிப்பு இரண்டு நாளானாலும் காயாது. நான் அந்த மாதத்துக்கு மட்டும் நாலாவது செட் வைத்திருக்கிறேன்.

அளவைப் பார்த்து வாங்குங்கள். ஐந்தடிக்கு ஆறரை அடிக் கட்டில் என்றால் 60க்கு 78 அங்குலம். அதற்கு 90க்கு 108 அங்குல விரிப்பு சரியாக வரும். மெத்தை ஆறு அங்குல உயரம் என்றால் இரண்டு பக்கமும் இறங்கி, மெத்தைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்பது அங்குலம் செருக மிச்சமிருக்கும். அந்த ஒன்பது அங்குலம்தான் ராத்திரி முழுக்க விரிப்பைப் பிடித்துக்கொள்கிறது. விலை குறைவென்று சின்ன விரிப்பு வாங்கினால், ஒருமுறை புரண்டதும் சுருண்டு மெத்தை வெளியே தெரியும். எண்ணெயும் வியர்வையும் நேரே மெத்தையில் இறங்கும். பிறகு கெஸ்ட்டைத் திட்டிப் புண்ணியமில்லை.

மெத்தை இலவம் பஞ்சாக இருக்க வேண்டாம். வீட்டுக்கு அதைவிடச் சுகம் கிடையாது, ஆனால் ஒரு குழந்தை நனைத்தால் இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். எந்த மெத்தையானாலும் தண்ணீர் புகாத உறை ஒன்று போட்டு, அதன்மேல் விரிப்பு. வெறும் பிளாஸ்டிக் உறை சலசலக்கும், முதுகும் வேகும். மேல்பக்கம் பருத்தி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

தலையணைக்கு இரண்டு உறை. உள்ளே ஜிப் வைத்தது, வெளியே சாதாரணமானது. நம் ஆட்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டுதான் படுப்பார்கள். அதை மாற்ற நாம் யார்? வெளியுறையைத் துவைத்துக்கொள்ளலாம், உள்ளே இறங்காமல் ஜிப் உறை பார்த்துக்கொள்ளும்.

போர்வை தலைக்கு ஒன்று. இது ரொம்ப முக்கியம். இரண்டு பேருக்கு ஒரு பெரிய போர்வை என்று ஓட்டல் பாணியில் வைத்தால், இங்கே வரும் குடும்பங்களில் அது ஓடாது. பாட்டிக்கு ஃபேன் காற்றே குளிரும், பேரனுக்கு ஏசி வேண்டும். ஆளுக்கொரு போர்வை இல்லையென்றால் மேல் விரிப்பை உருவிப் போர்த்திக்கொள்வார்கள்.

தரைப் படுக்கைக்கு ஒரு பெரிய பவானி ஜமக்காளம், நாலு மெல்லிய சுருட்டு மெத்தை, இரண்டு கோரைப் பாய். பாய் எதற்கென்றால், முட்டி வலிக்கிறது என்று கட்டிலில் ஏற மறுக்கும் தாத்தாக்கள் உண்டு, முதுகு வலி என்று தரையைக் கேட்பவர்களும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வருவார்கள். விரதத்தில் மெத்தையில் படுக்க மாட்டார்கள். பாய் இல்லையென்றால் கட்டில் விரிப்பை எடுத்துத் தரையில் போடுவார்கள். அவர்கள் மேல் பிழையில்லை, நாம் வைக்கவில்லை.

துண்டு இரண்டு வகை. அறைக்குள் தேங்காய்ப்பூத் துண்டு. வெளியே குளிக்க வருபவர்களுக்கு மெல்லிய ஈரிழைத் துண்டு. ஈரிழை ஒரு மணி நேரத்தில் காய்ந்து அடுத்தவருக்குத் தயாராகிவிடும். கூடவே அடர்நிறத்தில் நாலைந்து பழைய துண்டு. அவை எதற்கென்று ஏழாவது பகுதியில்.

3. போனில் "எத்தனை பேர்?" என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு நாலு என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதாக அவர்கள் நினைப்பதில்லை. அவர்கள் கணக்கில் குழந்தை ஆளில்லை, டிரைவர் ஆளில்லை, வழியில் வந்து சேரும் மச்சான் குடும்பம் 'சும்மா எங்களோட' வருகிறது.

இப்படித்தான் போகும்:

"அண்ணா, நாங்க நாலு பேர்தான்."

"சரிம்மா. கூட சின்னப் பசங்க?"

"அது ரெண்டு இருக்கு. பசங்க கணக்குல வராதுல்ல?"

"காசுக்கு வராதும்மா, போர்வைக்கு வரும். பெரியவங்க யாராவது?"

"மாமியார் வர்றாங்க. அவங்க கீழேதான் படுப்பாங்க."

"கார்லயா, வேன்லயா?"

"டெம்போ டிராவலர்."

நாலு பேருக்கு யாரும் டெம்போ டிராவலர் பிடிப்பதில்லை. இப்போதுதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கிறது.

கேட்க வேண்டிய வரிசை இது: குழந்தைகள், பெரியவர்கள், வண்டி, டிரைவர் எங்கே படுப்பார், இங்கே உள்ளூரில் யாராவது வந்து சேர்கிறார்களா, எத்தனை மணிக்கு நடக்கப் போகிறீர்கள். எண்ணை நேரடியாகக் கேட்காமல் ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று கேட்டால் மனுஷர்கள் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள். "எத்தனை போர்வை எடுத்து வைக்கட்டும்?" என்பதுதான் என் கடைசிக் கேள்வி. அதற்கு வரும் எண் எப்போதும் சரியாக இருக்கிறது. ராத்திரி போர்வை இல்லாமல் நடுங்க யாருக்கும் ஆசையில்லை.

புக்கிங் தளம் வழியாக வந்தவர்கள் என்றால், கூடுதல் ஆளை அந்தத் தளத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் போனில் சொன்னது நிற்காது.

4. ஒரே ஒரு செய்தி, வருவதற்கு முதல் நாள்

விதிப் பலகை அடித்துச் சுவரில் மாட்டிப் பார்த்தேன். யாரும் படிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் அதில் துண்டைக் காயப்போட்டான். இப்போது முதல் நாள் மாலை வாட்ஸப்பில் இது போகிறது:

"வணக்கம். நாளைக்கு நீங்கள் பெரியவர் 6, குழந்தை 2 என்று எடுத்துக்கொண்டு எட்டுப் போர்வை, எட்டுத் தலையணை வைத்திருக்கிறோம். நாலு பேருக்குக் கட்டில், நாலு பேருக்கு ஹாலில் மெத்தை. வாடகை நாலு பேருக்கு, மேல் ஒரு பெரியவருக்கு 400 ரூபாய். எட்டுக்கு மேல் தங்க வசதியில்லை, தண்ணீர் போதாது. குளித்துவிட்டுப் போக மட்டும் உறவினர் வருவதாக இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள், வெளி பாத்ரூம் தருகிறோம். வாசல் கேட்டில் ஒரு கேமரா உண்டு, உள்ளே எதுவும் கிடையாது."

அவ்வளவுதான். 'கூடாது', 'அபராதம்' என்ற சொற்களை எடுத்துவிட்டேன். அவை இருந்தபோது ஆட்களை ஒளித்துக் கொண்டுவந்தார்கள், எடுத்த பிறகு போன் பண்ணிக் கேட்கிறார்கள். காரணத்தோடு சொன்னால் எட்டு என்பது என் பிடிவாதம் இல்லை, தொட்டியின் அளவு என்று புரிந்துகொள்கிறார்கள்.

5. படுக்கை போடுவது

கெஸ்ட் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள், முதல் நாளே வேண்டாம். தெருப் புழுதி ஒரே இரவில் மேலே படிந்து, 'பழைய விரிப்பு' என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

விரிப்பைப் போடும் முன் மெத்தையின் தையல் ஓரம், கட்டில் பலகை சேருமிடம் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் கருப்புப் புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறையை அன்று விடாதீர்கள். துணி எல்லாவற்றையும் 60 டிகிரி சுடுநீரில் துவைத்து, மருந்தடிக்க ஆள் கூப்பிட்ட பிறகுதான் அடுத்தது. இது யாரோ ஒரு கெஸ்ட்டின் பையில், எங்கோ தங்கிய இடத்திலிருந்து வந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு அறையிலும் பை வைக்க ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறேன். பெஞ்ச் இல்லாத அறையில் பை ஏறுமிடம் கட்டில்தான்.

கட்டில் விரிப்பு வெள்ளை அல்லது வெளிர்நிறம். கறை ஒரே பார்வையில் தெரியும், வந்தவர்களுக்கும் நம்பிக்கை. போர்வை எந்த நிறமானாலும் சரி.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, தரைப் படுக்கையையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டுவது. 'கேட்டா எடுத்துத் தரலாம்' என்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்களை எழுப்பக் கூச்சப்பட்டு யாரும் கேட்க மாட்டார்கள். பேசிய கணக்குக்குச் சுருட்டு மெத்தையை ஹாலில் கண்ணில் படும்படி அடுக்கிவையுங்கள். பேசாத கணக்குக்கு ஒன்றுகூட வேண்டாம், அது மாடியில் இருக்கட்டும். அடுக்கியிருப்பதே எத்தனை பேருக்கு இடம் என்று சொல்லிவிடும்.

இன்னொன்று. அலமாரியில் இரண்டு அடர்நிறத் துண்டும் ஒரு பழைய விரிப்பும் தனியாக மடித்து வைத்து, 'தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளவும்' என்று ஒரு சீட்டு. மாதவிலக்கான பெண்கள், ராத்திரி நனைக்கும் குழந்தை உள்ளவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். இது என் மனைவியின் யோசனை. இதை வைத்த பிறகு மெத்தை உறை வரை போகும் கறை பெரும்பாலும் நின்றுவிட்டது.

6. வந்து இறங்கும்போது

கேட்டைத் திறந்துவிட்டுச் சாவியை நீட்டிவிட்டுப் போகாதீர்கள். பத்து நிமிடம் கூட இருங்கள்.

பெயர்ப் பதிவேட்டில் படுப்பவர் எல்லோர் பெயரும் எழுத வேண்டும். பெரியவர்கள் அடையாள அட்டை பார்க்க வேண்டும். ஆதார் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே போதும். அட்டையை வாங்குவது பதிவேட்டுக்காகத்தான் என்றாலும் இன்னொரு லாபம் உண்டு. பெயர் எழுதும்போது ஆள் எண்ணிக்கை தானாகச் சரியாகிவிடும், நீங்கள் தலையை எண்ண வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஓர் இரவு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம் என்றார்கள்) இணையத்தில் ஏற்ற வேண்டும். ஆசிரமத்துக்கென்று வந்து வாரக்கணக்கில் தங்கும் வெள்ளைக்காரர்கள் விஷயத்தில் இது யாருக்கும் மறப்பதில்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வரும் நம்மவர்கள் விஷயத்தில்தான் மறக்கிறது. தமிழ் பேசினால் நமக்கு வெளிநாடு என்று தோன்றுவதில்லை. ஒருவரைப் பார்க்க வந்த வெளிநாட்டு நண்பர் ஹாலில் படுத்துவிட்டால் அவருக்கும் தனிப் படிவம் உண்டு. இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

பிறகு அறையைக் காட்டும்போது மூன்று விஷயம் மட்டும் வாயால் சொல்லுங்கள்: சாப்பாடு ஹாலில், ஈரத்துணி பின்பக்கக் கொடியில், விளக்கு ஏற்றுவது வராந்தாவில். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தைச் சொல்லி நிறுத்த முடியாது. ஹாலில் பாயும் வாழையிலை வைக்க இடமும் இருந்தால் தானாக அங்கே போய்விடுவார்கள். அகல் விளக்குக்கும் அப்படியே. தீபத்தன்று அறைக்குள் ஜன்னல் விளிம்பில் அகல் ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்த நாளில் வராந்தாவில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம் வைத்தேன். அதன் பிறகு யாரும் உள்ளே ஏற்றவில்லை.

7. நடந்து வந்த கால்

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. எங்களுக்கு இதுதான் பாதி வேலை.

வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடந்து வருபவருக்கு, கேட்டைத் தாண்டியதும் கட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். பாத்ரூம் வரை போகத் தெம்பிருக்காது. பாதத்தில் தார்ப்புழுதி, மிதிபட்ட கற்பூரக் கரி, யாரோ சிந்திய பாயசம். நெற்றியில் விபூதி, குங்குமம், சந்தனம்.

வராந்தாவில் ஒரு திண்ணை. அதன் பக்கத்தில் இரண்டு பக்கெட் தண்ணீர், ஒரு சொம்பு, கல்லுப்பு டப்பா. மேலே அந்த அடர்நிறத் துண்டுகள். கீசரிலிருந்து வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அவர்களுக்கு வலி குறையும், உங்களுக்கு விரிப்பு தப்பும். கட்டாயப்படுத்த வேண்டியதே இல்லை. முதலில் வருபவர் உட்கார்ந்தால் பின்னால் வருபவர் எல்லோரும் வரிசையில் உட்காருவார்கள்.

இங்கே ஒரு வினோதமும் உண்டு. ஷிஃப்ட் தூக்கம். நாலு பேர் மாலை ஆறு மணிக்கு நடக்கப் போய் நள்ளிரவில் திரும்புவார்கள், அப்போது தூங்கி எழுந்த நாலு பேர் கிளம்புவார்கள். ஒரே கட்டிலில் இரண்டு தரப்பு. போனில் கிளம்பும் நேரம் கேட்பது இதற்காகத்தான். இப்படியென்று தெரிந்தால் நாற்காலியில் இன்னொரு செட் விரிப்பும் தலையணை உறையும் வைத்துவிடுங்கள். இரண்டாம் தரப்பு தாங்களே மாற்றிக்கொள்வார்கள். காசு தலைக்கணக்கு என்பதால் அதில் நமக்கு நஷ்டமில்லை.

8. சொல்லாமல் வந்தவர்கள்

எவ்வளவு கேட்டாலும், எவ்வளவு செய்தி அனுப்பினாலும் யாராவது வருவார்கள். யார் என்று பார்த்து நடந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னால் கெட்டுப்போகும்.

குளிக்க மட்டும் வருபவர்கள். இவர்களே அதிகம். "குளிச்சிட்டு டிரஸ் மாத்திட்டுப் போயிடறோம்ணா" என்பார்கள். நாலு பேர் வரை வெளி பாத்ரூம், ஈரிழைத் துண்டு, காசு வாங்குவதில்லை. அதற்கு மேல் என்றால் தொட்டியைக் காட்டிவிடுகிறேன். இவர்களை உள்ளே அனுப்பாதீர்கள். குளித்தவர் உட்காருவார், உட்கார்ந்தவர் சாய்வார், சாய்ந்தவரை எழுப்ப உங்களால் முடியாது.

டிரைவர். குடும்பத்தார் இவரை மறந்துவிடுகிறார்கள், வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்கிறார்கள். சென்னையிலிருந்து வந்திருந்தால் கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பார், விடிந்ததும் திரும்ப அதே தூரம். கார் ஷெட்டில் ஒரு பாய், தலையணை, டேபிள் ஃபேன், கொசுவத்தி, வெளி பாத்ரூம் சாவி. இவருக்குக் காசு கிடையாது, எட்டுக் கணக்கிலும் வரமாட்டார். தூங்காத டிரைவரோடு எட்டுப் பேரை வழியனுப்பி வைக்க எனக்கு மனம் வராது.

உறவினர் குடும்பம், தங்குவதற்கு, ராத்திரி பதினொரு மணிக்கு. இதுதான் கஷ்டமானது.

"அண்ணா, இவங்க எங்க சித்தப்பா வீடு. எங்கயும் ரூம் கிடைக்கல. ஒரு ஓரமா படுத்துக்கிறாங்க."

வாசலில் நின்றுகொண்டு விதி பேசாதீர்கள். பௌர்ணமி ராத்திரியில் இந்த ஊரில் வேறு அறை கிடைக்காது என்பது உங்களுக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும். முதலில் பெரியவர்களையும் குழந்தைகளையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பிறகு புக் பண்ணியவரை மட்டும் தனியாகக் கூப்பிடுங்கள், மாமியார் முன்னால் காசு பேசினால் அவருக்கு மானக்கேடு.

"சார், எட்டு வரைக்கும் இடம் இருக்கு. இப்ப நீங்க ஆறு பேர். இன்னும் ரெண்டு பேர் உள்ளே படுக்கலாம், மெத்தை தர்றேன், தலைக்கு நானூறு. மீதி ரெண்டு பேருக்கு வராந்தாவுல பாய் போட்டுத் தர்றேன், அதுக்குக் காசு வேணாம். காலையில குளிக்கிறதை மட்டும் வெளி பாத்ரூம்ல முறை வச்சிக்கோங்க."

வராந்தாவில் யார் படுப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பத்து வருஷமாகக் கோவில் மண்டபத்தில் படுத்துப் பழகிய மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். காசை அப்போதே வாங்கிவிடுங்கள். காலையில் கேட்டால், "படுத்தது நாலு மணி நேரம்தானே" என்று ஆரம்பமாகும். பதிவேட்டிலும் அப்போதே பெயர் ஏற்றுங்கள். வராந்தா உட்பட எல்லாம் நிறைந்த பிறகும் ஆள் வந்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறேன், நன்றாக இருக்காது.

நண்பர் கூட்டம். கிரிவலத்துக்குச் சம்பந்தமில்லாத சனிக்கிழமைகளில் வரும். மூன்று பையன்கள் புக் செய்து, ஒன்பது மணிக்கு மேல் இருவர் இருவராக பைக்கில் வந்து சேர்வார்கள். இங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம். பதிவேட்டில் பெயரில்லாதவர் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு நேரில் போய் நின்று, "தம்பி, யாரெல்லாம் தங்கறீங்க, பேரு எழுதணும்" என்று நோட்டைத் திறந்தால் போதும். சத்தம் போட வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

உள்ளே எத்தனை பேர் என்று எட்டிப் பார்ப்பது தப்பு, கேமரா வைப்பது குற்றம். சந்தேகம் வந்தால் வாசலில் கிடக்கும் செருப்பைப் பாருங்கள். வெறுங்காலில் நடக்கப் போனவர்களின் செருப்பும் அங்கேதான் கிடக்கும்.

9. காலையில், அவர்கள் இருக்கும்போதே

விருந்தாளியிடம் படுக்கையை மடிக்கச் சொல்ல வேண்டாம். நல்ல மனசோடு மடிப்பவர்கள்தான் ஆபத்து: ஈரத்துண்டை நடுவில் வைத்து விரிப்போடு உருட்டி மூட்டை கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். மாலையில் பிரித்தால் ஊறலும் வாடையும். "எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டுப் போங்கம்மா, ஈரத்துண்டை மட்டும் கொடியில போட்டுடுங்க" என்று சொல்லிவையுங்கள்.

அவர்கள் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை விரிப்பை முற்றத்தில் உதறுவது. விபூதி உலர்ந்திருந்தால் உதறினாலே போய்விடும். நனைந்தால் சேறாகி நூலுக்குள் இறங்கும்.

குங்குமத்தையும் முதலில் உதறி, பிறகு பச்சைத் தண்ணீர். தேய்க்காதீர்கள், பரவும். கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் லேசாகத் தங்கிவிடும். அந்த விரிப்பு அடுத்த முறை தரைக்குப் போகட்டும்.

மஞ்சள் கறைக்குச் சோப்புப் போட்டால் சிவப்பாகும். பயந்துபோய் ப்ளீச்சிங் ஊற்றுவார்கள். அது சோப்பின் காரத்துக்கு மஞ்சள் நிறம் மாறுவது, வேறொன்றுமில்லை. துவைத்து ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று வெயிலில் மஞ்சள் தானாக வெளுத்துவிடும்.

தலை எண்ணெய், நெய் இருந்தால் துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறை மேல் தடவிக் கால் மணி நேரம் விடவும். மெஷினில் நேராகப் போட்டால் எண்ணெய் போகாது, அடுத்த இஸ்திரியில் மறுபடி தெரியும்.

ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். மருதாணிக்கு எனக்கு வழி கிடைக்கவில்லை.

10. பணம் பிடிப்பதும் பிடிக்காததும்

1000 ரூபாய் முன்பணம் வாங்குகிறேன். கறைக்கு அதில் கை வைப்பதில்லை. எண்ணெய், குங்குமம், குழந்தை நனைத்தது எல்லாம் வாடகைக்குள் அடக்கம். மனுஷன் படுத்தால் துணி அழுக்காகும். கிழிந்தது, தீப்பட்டது, காணாமல் போனது இவற்றுக்கு மட்டும் வாங்கிய விலையில் பாதி. பழைய துணிக்குப் புது விலை கேட்பது நியாயமில்லை.

சொல்லும் விதம் முக்கியம். அவர்கள் வண்டி ஏறும் முன் போர்வையை எண்ணுங்கள், எட்டு இல்லையென்றால், "ஒரு போர்வை உங்க பைக்குள்ள தெரியாம போயிருக்கும், கொஞ்சம் பாருங்கம்மா" என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்மையிலேயே தெரியாமல்தான் போயிருக்கும், அவசரத்தில் எல்லாத் துணியையும் ஒன்றாக அமுக்கியிருப்பார்கள். வண்டி செங்கம் ரோட்டைத் தாண்டிய பிறகு போன் செய்தால் அது குற்றச்சாட்டாகிவிடும், போர்வையும் திரும்பாது.

11. நோட்டு

அன்றைக்கே நாலு வரி எழுதிவையுங்கள். சொன்ன ஆள், வந்த ஆள், எடுத்த போர்வை, கிளம்பிய நேரம். மாதாமாதம் வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்ப அதே கணக்கில்தான் வருவார்கள். போன மாதம் ஆறு என்று சொல்லி எட்டு வந்தவர்கள் இந்த மாதமும் ஆறு என்றுதான் சொல்வார்கள். நான் எட்டுப் போர்வை எடுத்து வைத்துவிட்டு, "மாமா இந்தத் தடவையும் வராந்தாதானே?" என்று கேட்பேன். போனில் அந்தப் பக்கம் சிரிப்பார்கள்.